பிள்ளையின் முதல் ஆட்டமா? சின்னத் திடலில் தொடங்குங்கள்

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத் தூணில் ஒரு பலகை இருக்கிறது. ஒரு பந்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. எழுத்துக் கூட்டத் தெரியாத என் சின்னவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். பந்தை உதைத்தால் இரண்டாவது மாடி ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து ஏசுவார். அவனுக்கு நாலு வயதானபோது, இங்கே சிங்கப்பூரின் ஜாலான் புசார் அரங்கத்துக்குக் காற்பந்து ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போனேன். ஒருவர் ஓடி வந்து பந்தை ஓங்கி உதைத்தார், சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் என் காதருகே வந்து கேட்டான்: "அப்பா, அந்த அங்கிளை யாரும் ஏச மாட்டாங்களா?"

அது எங்கள் வீட்டின் இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி மூத்த மகளோடு. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. "போனால் பெரிய ஆட்டத்துக்குத்தான் போகணும்" என்று ஒரு பெரிய அரங்கில் நாலு டிக்கெட் வாங்கினேன். மதியம் அவள் தூங்கவில்லை. இருக்கையோ உச்சியில். ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். 20 நிமிடத்தில் முதல் கோல். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுந்து கத்தியதும் பிள்ளை நடுங்கிப்போய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மிச்ச ஆட்டம் முழுக்க நானும் அவளும் வெளித் தாழ்வாரத்தில் நடை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் "ஸ்டேடியம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். அரங்கத்தின் மேல் குற்றமில்லை, கூட்டிப் போனவன் மேல்தான்.

அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தும் திடல் பக்கம் போகாதவர்கள், இரண்டு தரப்புக்கும் உதவும்.

முதல் படி: எந்த ஆட்டம்

தேசிய அரங்கம் 2014இல் திறந்தது. 55,000 இருக்கைகள், 310 மீட்டர் குறுக்களவுள்ள திறந்து மூடும் கூரை. பெரியவர்களுக்கே வாய் பிளக்கும். அதனால்தான் அதை மூன்றாவது, நாலாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். முதல் ஆட்டத்துக்குச் சிங்கப்பூர் பிரிமியர் லீக்கின் குடியிருப்புப் பேட்டைத் திடல்களே போதும். 1996இல் எஸ்-லீக் என்று தொடங்கி 2018இல் பெயர் மாறியதே இந்த லீக்தான். ஜாலான் புசார் அரங்கில் சுமார் 6,000 இருக்கைகள், நம் தெம்பனிஸ் நடுவக் கட்டடத்துத் திடலில் சுமார் 5,000. பல நாட்களில் அதிலும் பாதி காலியாகக் கிடக்கும். லீக்கை நேசிப்பவர்களுக்கு அது வருத்தம். பிள்ளையோடு போகும் நமக்கோ இடம் மாறி உட்காரலாம், எழுந்து நடக்கலாம், பிள்ளை கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்த லீக்கில் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று உண்டு, பெரியவர்கள் அதைக் கவனிப்பதில்லை. பல குழுக்களுக்கு விலங்குப் பட்டப்பெயர்கள். தெம்பனிஸ் ரோவர்ஸ் மான், மஞ்சள் சட்டை. கேலாங் இன்டர்நேஷனல் கழுகு, பச்சைச் சட்டை. ஹவ்காங் யுனைடெட் சிறுத்தை, ஆரஞ்சுச் சட்டை. பாலஸ்டியர் கால்சா புலி. "இன்னிக்கு மானும் கழுகும் ஆடுது, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். லீக் வரலாறு எல்லாம் வேண்டாம், பிள்ளை அந்த நிமிடமே ஒரு குழுவின் ரசிகர். (என் மகள் தெம்பனிஸ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் மானுக்குக் கொம்பு இருப்பது. கழுகுக்கு இல்லையாம்.)

காற்பந்துதான் வேண்டும் என்றில்லை. சுட்டிப் பிள்ளைகளுக்கு எழுவர் ரக்பி நன்றாகப் பொருந்தும். பாதிக்கு 7 நிமிடம், மொத்தம் 14 நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. நடுவில் எப்போது எழுந்து போனாலும் பெரிய இழப்பில்லை. தேசிய அரங்கில் நடக்கும் சிங்கப்பூர் எழுவர் ரக்பிக்கு வேஷம் போட்டுக்கொண்டு வரும் கூட்டத்தைப் பார்க்கவே பிள்ளைகளுக்கு நேரம் போதாது. சத்தம்தான் அதிகம். வலைப்பந்தும் கூடைப்பந்தும் உள்ளரங்க ஆட்டங்கள், மழைப் பயமில்லை, குளிர்சாதனமும் உண்டு. ஆட்டத்தை நாலு பகுதியாகப் பிரித்து ஆடுவதால் சிறுநீர் கழிக்கப் போக இடைவேளைகள் கூடுதல். பெண் பிள்ளை இருந்தால் பெண்கள் பிரிமியர் லீக் காற்பந்தை ஒரு முறை காட்டுங்கள். "அக்காவும் ஆடுறாங்க!" என்று என் மகள் எழுந்து நின்ற அந்த ஒரு விநாடிக்காகவே நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

நம்மவர்கள் அடுத்துக் கேட்கப்போவது தெரியும்: கிரிக்கெட்? நகர நடுவிலுள்ள பாடாங் திடலில் வாரயிறுதிகளில் வெள்ளை உடையில் ஆடுவதைச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். சிட்டி ஹால் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. டிக்கெட்டும் இல்லை, வாசல் சோதனையும் இல்லை. சலித்தால் ஐஸ்கிரீம் வண்டியைத் தேடிப் போய்விடலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கிரிக்கெட்டின் வேகம் போதாது. அப்பாவுக்காக அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு மட்டும் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். அந்த இரைச்சல் குழந்தைக் காதுக்கு ஆகாது.

வயது? மூன்றுக்குக் கீழே போனால் அது உங்கள் ஆசைக்காக, அதிலும் தவறில்லை. நாலரையிலிருந்து ஆறு வரை நல்ல பருவம். தொடக்கநிலை ஒன்றுக்குப் போய்விட்டால் விதிமுறை கேட்டு உங்களைத் துளைப்பார்கள்.

டிக்கெட்டும் நேரமும்

லீக் பருவம் இப்போது ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு மே வரை நீள்கிறது. ஆட்டங்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ. ஏழரைக்குத் தொடங்கினால் 45, இடைவேளை 15, மறுபடி 45, கூடுதல் நிமிடங்கள் எல்லாம் சேர்த்து ஒன்பது இருபதுக்கு முடியும். உங்கள் பிள்ளை எட்டரைக்குத் தூங்கும் பிள்ளை என்றால் கணக்கு இப்போதே தெரிகிறதல்லவா? முழு ஆட்டம் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் பாதி மட்டும். இதை நம்ப மறுப்பவர்களுக்காகக் கடைசியில் இன்னொரு முறை சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ நல்லது, மறுநாள் பாலர் பள்ளிக்கு எழுப்ப வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எத்தனை வயது வரை பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை என்பது. மடியில் உட்காரும் குழந்தைக்கும் டிக்கெட் கேட்கும் ஆட்டங்கள் உண்டு. இரண்டு, திடலின் பெயர். சொந்தத் திடலைப் பழுதுபார்க்கும்போதும் வேறு நிகழ்ச்சி இருக்கும்போதும் குழுக்கள் இன்னொரு திடலில் ஆடும். தெம்பனிஸ் குழுவின் ஆட்டம் என்பதால் தெம்பனிஸில்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்பி, தீவின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தவர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரத்துக்கு முன்பிருந்து

ஒத்திகை பார்க்கத் தோதான இடம் தெம்பனிஸ் நடுவம். அங்கே திடல் கட்டடத்தின் நடுவில் இருக்கிறது. நூலகத்திலிருந்து பார்த்தாலே பச்சைத் தரை தெரியும். ஆட்டம் இல்லாத ஒரு மாலையில் கூட்டிப் போய், நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து, கண்ணாடிப் பக்கம் நின்று காட்டுங்கள். "அடுத்த சனிக்கிழமை இங்கதான் மான் வரும்." கீழே உணவங்காடி நிலையத்தில் ஒரு மைலோ. பிள்ளைகளுக்குப் புது இடம் என்றாலே பாதிப் பயம். ஒரு முறை பார்த்த இடமாகிவிட்டால் அந்தப் பயம் குறைந்துவிடும்.

வீட்டில் தொலைக்காட்சியில் ஏதாவது ஒரு ஆட்டத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். முதலில் மெல்லிய சத்தம், பிறகு கொஞ்சம் கூட்டி. கோல் விழும்போது நீங்களும் கத்திக் காட்டுங்கள். பிள்ளையையும் கத்தச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை.

சொல்லித் தரவேண்டிய விதிமுறைகள் நாலே நாலு. ஒவ்வொரு பக்கமும் 11 பேர். கோல்காவலர் மட்டும் வேறு நிறச் சட்டை, அவர் மட்டும் கையால் பந்தைப் பிடிக்கலாம். விசில் ஊதுகிறவர் நடுவர், எல்லாரும் அவர் பேச்சைக் கேட்கணும். மஞ்சள் அட்டை என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் வெளியே. இந்த அட்டைகள் 1970 உலகக் கிண்ணத்தில்தான் வந்தன. இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டனுக்குப் போக்குவரத்து விளக்கைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. சாலை கடக்கும்போது இதைச் சொன்னால் பிள்ளை மறக்கவே மறக்காது. ஆஃப்சைடு விதி வேண்டாம். அதைப் பெரியவர்களுக்கே சரியாக விளக்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தாத்தா இருக்கும் வீடு என்றால் இந்த வாரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். என் அப்பா பழைய தேசிய அரங்கத்துக் காலத்து ஆள். 1973இல் திறந்து 2007இல் மூடப்பட்ட அந்த அரங்கத்தின் கூச்சலுக்கு, அது இருந்த இடத்தின் பெயரால், காலாங் முழக்கம் என்றே பெயர். அந்தக் காலத்து நட்சத்திர ஆட்டக்காரர்களான பன்டி அகமதுவையும் வி. சுந்தரமூர்த்தியையும் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவுக்கு ஆடப்போன பன்டி, சுவிட்சர்லாந்தின் பாசல் குழு வரைக்கும் போன நம்ம சுந்தரம் என்று கதை நீளும். பேத்திக்கு அதில் பாதி புரியாது. ஆனால் தாத்தா சோபாவிலிருந்து எழுந்து காலை ஆட்டி ஆட்டி, பந்தே இல்லாமல் இரண்டு பேரை ஏமாற்றிக் காட்டியது இன்றைக்கும் நினைவிருக்கிறது அவளுக்கு.

பை

சின்னப் பையாக எடுங்கள். பெரிய அரங்குகளில் பையின் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, வெளிச் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் தடை. குழந்தைப் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு இருக்கிறதா என்று டிக்கெட் நிபந்தனையில் படித்துவிடுங்கள். தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தூக்கிக்கொள்ளும் துணிப்பையைக் கொண்டுபோவது என் வழக்கம். படிக்கட்டு ஏறும்போது அதன் அருமை தெரியும்.

உள்ளே இருக்கவேண்டியவை: தண்ணீர், ஒரு மாற்றுச் சட்டை, ஈரத்துணி, கொசு விரட்டும் மருந்து, மெல்லிய மழைக்கோட்டு, சின்னத் துண்டு. குடை வேண்டாம், விரித்தால் பின்வரிசைக்கு ஆட்டம் மறையும். குளிர்சாதன உள்ளரங்கு என்றால் ஒரு ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலாகக் காதை முழுக்க மூடும், பிள்ளைகளுக்கான காதுக்கவசம். ஹெட்போன் மாதிரி இருக்கும், இசை வராது. கைக்குழந்தைக்குக் கட்டாயம். பெரிய பிள்ளைக்கு அது பையில் இருக்கிறது என்று தெரிந்தாலே தைரியம். டயப்பர் மறந்து ஜாலான் புசார் போய்விட்டீர்களா? முஸ்தபா கடை நடக்கும் தூரம்தான். நான் ஓடியிருக்கிறேன்.

போகும் வழி

எம்ஆர்டி ரயிலில் போங்கள். பிள்ளைகளுக்கு அதுவே பாதி விளையாட்டு. 7 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பேருந்திலும் ரயிலிலும் கட்டணம் இல்லை, அதற்கான சலுகை அட்டையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கவனிக்க: நிலையத்துக்குள்ளும் ரயிலுக்குள்ளும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். பிஸ்கட்டை இறங்கிய பிறகு கொடுங்கள்.

ஜாலான் புசாருக்குப் பெண்டமியர் நிலையம் பக்கம், ஃபேரர் பார்க்கிலிருந்தும் நடக்கலாம். நான் ஃபேரர் பார்க்கில்தான் இறங்குவேன், காரணம் சாப்பாடு. ஆறு மணிக்கு லிட்டில் இந்தியாவில் பிள்ளைக்கு இட்லியோ பரோட்டாவோ வயிறு நிறையக் கொடுத்துவிட்டால், அரங்கில் "பசிக்குது" என்ற பல்லவி இருக்காது. சனி, ஞாயிறு மாலை அந்தப் பக்கம் கூட்டம் நெரியும், பிள்ளையின் கையை விடாதீர்கள். தேசிய அரங்கத்துக்கு ஸ்டேடியம் நிலையம், வாசலிலேயே இறக்கிவிடும்.

ஆட்டம் தொடங்க 40 நிமிடம் முன்பே உள்ளே இருங்கள். பெரியவர்களுக்கு அது வீண் நேரம். பிள்ளைக்கு அதுதான் மொத்த நாளிலும் சிறந்த பகுதி: ஆட்டக்காரர்கள் உடற்பயிற்சி செய்வார்கள், பத்துப் பந்துகள் ஒரே நேரத்தில் பறக்கும், கோல்காவலர் விழுந்து எழுவார். கூட்டம் இன்னும் சேராததால் சத்தமும் இருக்காது. பிள்ளையின் காது மெதுவாகப் பழகும்.

எங்கே உட்காருவது

வரிசையின் ஓரம், நடைபாதையை ஒட்டி. கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும்போது பத்துப் பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டாம். கூரைக்குக் கீழே. மேளம் இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி. இங்கே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறு ரசிகர் படை உண்டு. மேளம், துணிப்பதாகை, பாட்டு என்று 90 நிமிடமும் ஓயாது. தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைக்குத் திருவிழா, பக்கத்தில் உட்கார்ந்தால் அழுகை. இடைவேளையில் வேண்டுமானால் அருகே கூட்டிப் போங்கள். ஒரு முறை அப்படிப் போனபோது, மேளம் அடித்த மலாய் பாச்சிக் (பெரியவர்) ஒருவர் குச்சியைச் சின்னவன் கையில் கொடுத்து "பெலான் பெலான்" என்றார். மெதுவாக என்று அர்த்தம். இவன் மெதுவாக அடிக்கவில்லை.

கோலுக்கு நேர் பின்னால் கீழ்வரிசை வேண்டாம், பயிற்சி நேரத்தில் பந்து எங்கிருந்து வரும் என்று தெரியாது. மாலை ஐந்தரை, ஆறு மணி ஆட்டம் என்றால் சூரியனையும் பாருங்கள். கிழக்குப் பக்க மாடத்தில் உட்கார்ந்தால் ஏழு மணி வரை வெயில் நேராகக் கண்ணில். பீஷான் அரங்கில் திடலைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் ஆட்டக்காரர்கள் சற்றுத் தள்ளித் தெரிவார்கள். ஜாலான் புசாரில் எல்லாமே கிட்டத்தில். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலே கேட்கும்.

உட்கார்ந்ததும் மூன்று வேலை. பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இன்று என்ன உடை என்பது பதற்றத்தில் மறந்துபோகும். கைப்பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள். பிறகு, ஒளிரும் மேற்சட்டை போட்ட பணியாளர் ஒருவரைக் காட்டி, "அப்பாவைக் காணோம்னா இந்தச் சட்டை போட்டவங்ககிட்ட போய் நில்லு" என்று சொல்லுங்கள். "அழாதே" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். அழுதால்தான் யாராவது கவனிப்பார்கள்.

ஆட்டம் நடக்கும்போது

நீங்கள் பந்தைப் பார்ப்பீர்கள். பிள்ளை பார்ப்பது வேறு. சின்னவன் அன்று முதல் 15 நிமிடமும் கொடி பிடித்த துணை நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஓடுவார், திடீரென்று நிற்பார், கொடி மேலே போகும். இவன் கையிலிருந்த துண்டும் மேலே போகும். அவர் இறக்கினால் இவனும் இறக்குவான். மறுபாதித் திடலில் ஆரஞ்சுச் சட்டைகள் கோல் போட்டு ஆர்ப்பரித்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. "அங்க பாருடா, கோல்!" என்று தலையைத் திருப்பிவிட்டேன். அது நான் செய்த தப்பு. அவன் ஆட்டத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான், நான் நடுவில் புகுந்து கலைத்தேன்.

அதனால் எதைப் பார்க்கிறார்களோ அதைப் பார்க்க விடுங்கள். கேட்டால் மட்டும் பதில். கவனம் கலைந்தால் சின்னப் பந்தயங்கள் உதவும்: அடுத்த பந்து எறிதல் எந்தக் குழுவுக்கு? அடுத்துக் கீழே விழப்போகிறவர் யார்? 7ஆம் எண் சட்டை எங்கே? எண் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதுவே அரை மணி நேரம் போகும். கைபேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுப்பதைக் கடைசி ஆயுதமாக வைத்திருங்கள். எடுத்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

கழிவறைக்கு 38ஆவது, 40ஆவது நிமிடத்திலேயே கிளம்புங்கள். இடைவேளை விசில் ஊதிய பிறகு போனால் வரிசை வளைந்து நிற்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு வரிசை தெரியும், மூத்திரப்பைக்குத் தெரியாது.

தேசிய அணி ஆடும் ஆட்டத்துக்குப் பிறகொரு நாள் போகும்போது ஒன்று பார்ப்பீர்கள். தொடக்கத்தில் தேசிய கீதம் இசைக்கும்போது, பள்ளியில் தினமும் பாடும் பிள்ளை, ஆயிரக்கணக்கானவர்கள் அதையே பாடுவதைக் கேட்டு உங்களை நிமிர்ந்து பார்க்கும். தென்கிழக்காசியக் கிண்ணத்தை 1998, 2004, 2007, 2012 என்று நாலு முறை வென்ற அணி இது என்பதையெல்லாம் அப்போது சொல்லலாம். காதுக்கவசத்தை அன்றைக்கும் மறக்காதீர்கள்.

மழையும் இடியும்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாட்களுக்கு மேல் இடியோடு மழை. மழையில் ஆட்டம் தொடரும், மின்னல் அபாயம் என்றால் நிறுத்திவிடுவார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள், எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பெரியவர்கள் காத்திருக்கட்டும். பிள்ளையோடு வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. "மின்னலும் ஆட வந்துடுச்சு, அதனால மானும் கழுகும் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று நாங்கள் சொன்னோம். ஏமாற்றம் அவனைவிட எனக்குத்தான் அதிகம்.

கிளம்பும் நேரம்

மறுபடியும் சொல்கிறேன்: முதல் தடவை, முதல் பாதியோடு கிளம்புங்கள். மனைவி இதைச் சொன்னபோது "கொடுத்த காசுக்கு முழுசாப் பார்க்க வேண்டாமா" என்று நானும் வாதாடினேன். பிள்ளை நன்றாக இருக்கும்போதே, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே எழுந்துவிட வேண்டும். அழுதபிறகு கிளம்பினால் நினைவில் நிற்பது அழுகைதான். மகள் விஷயத்தில் அதை மீட்க ஒரு வருஷம் ஆனது. சின்னவனை இடைவேளையில் தூக்கியபோது "நாளைக்கும் வரலாமா" என்றான்.

பிள்ளை தாங்கும் என்று தெரிந்து முழு ஆட்டமும் இருக்கிற நாள் வரும். அன்று ஆட்டம் முடிந்தும் ஐந்து நிமிடம் இருங்கள். சின்ன அரங்குகளில் ஆட்டக்காரர்கள் மாடத்தின் பக்கம் வந்து கைதட்டி நன்றி சொல்வது வழக்கம், கம்பி ஓரம் நிற்கும் பிள்ளைகளின் உள்ளங்கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். தேசிய அரங்கில் ஆட்டம் முடிந்தால் ஸ்டேடியம் நிலைய வாசலில் கூட்டம் அடைத்துக்கொள்ளும். அரங்கத்தை ஒட்டிய கடைத்தொகுதியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள், அல்லது காலாங் நிலையம் வரை நடந்துவிடுங்கள்.

வாடகை வாகனம் என்றால் ஒரு சட்ட விஷயம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் காரில் தகுந்த சிறுவர் இருக்கை வேண்டும். டாக்சிக்கு மட்டும் இதில் விலக்கு. செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கில்லை. அதனால் சிறுவர் இருக்கையுள்ள காரைத் தேர்ந்தெடுங்கள், இல்லை என்றால் டாக்சி. தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்து நின்ற காரைத் திருப்பி அனுப்புவது கொடுமை.

திங்கட்கிழமை பாலர் பள்ளியில் வாரயிறுதிக் கதை சொல்லும் நேரம். சின்னவன் ஆட்டம் பார்த்ததைச் சொன்னானாம். யார் ஜெயித்தது என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். "கொடி அங்கிள்" என்றானாம்.